எண்ணெய்க்குள் நின்ற காது

கார்த்திகை பத்தாம் தேதி காலை எட்டேகால் மணிக்கு, ஆத்துமேடு தொழிற்பேட்டையில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்கு எண்ணெய் தயாரிக்கும் மாரப்பனின் கம்பெனியில், கலவை அறை ஜன்னலோரம் இருந்த ஐந்து லிட்டர் கண்ணாடிக் குடுவைக்குள் ஒரு காது நின்றுகொண்டிருந்தது. குடுவையின் கீழ்ப்பாதி விளக்கெண்ணெய், மேல்பாதி வெள்ளை எண்ணெய். இரண்டும் சந்திக்கும் மட்டத்திலிருந்து விளக்கெண்ணெயே எழும்பி வந்து, மடலும் மடிப்பும் துளையும் சோணையும் ஒன்றுகூடக் குறையாமல், ஓர் ஆளின் காது எந்த அளவு இருக்குமோ அந்த அளவில், யாரோ சொல்லவரும் ஒன்றைக் கேட்க லேசாகச் சாய்ந்த மாதிரி நின்றது.

அதை முதலில் பார்த்தவர் செங்கோடன். கலவை அறையின் சாவி இருபத்தேழு வருஷமாக அவரிடம்தான் இருந்தது. அவர் கத்தவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. வேட்டி நுனியால் குடுவையின் வெளிப்புறத்தை ஒரு தரம் துடைத்துவிட்டு, தள்ளி நின்று, அந்தச் சோணையில் இருந்த சிறு தழும்பைப் பார்த்தார். அது யாருடைய காது என்று அவருக்குத் தெரிந்தது. அது எதைக் கேட்க நிற்கிறது என்பதும் தெரிந்தது.

எண்ணெய் தண்ணீரோடு சேராது என்பதை எல்லா வீட்டிலும் பார்த்திருப்பார்கள். எண்ணெய் எண்ணெயோடும் சேராது என்பதைக் கலவை அறையில் நின்றவர்கள்தான் பார்த்திருப்பார்கள். விளக்கெண்ணெய்க்குப் பிடிமானம் உண்டு, ஓட்டமில்லை. பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் வெள்ளை எண்ணெய்க்கு ஓட்டம் உண்டு, பிடிமானமில்லை. பூமிக்குள் அறுநூறு எழுநூறு அடியில் பாறையைக் குத்தும் ரிக்கின் சுத்தியலுக்கு இரண்டும் வேண்டும். ஆனால் எத்தனை ஆயிரம் சுற்று சுற்றினாலும், கையை எடுத்த அரை மணியில் அது கீழே போகும், இது மேலே வரும். அதற்காகத்தான் மூன்று வருஷம் முன்னால் மாரப்பன் கிருபா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். வேதியியல் படித்த பெண், இருபத்தாறு வயது. அவள் இரண்டு டப்பாக்களோடு வந்தாள். ஒன்றில் மாவு இருந்தது. மூச்சு விட்டால் பறந்துவிடும், விரலில் தொட்டால் தொட்டதே தெரியாது. இன்னொன்றில் பசை.

"மாவு விளக்கெண்ணெய்க்குள்ள இருக்கணும், பசை வெள்ளை எண்ணெய்க்குள்ள இருக்கணும்," என்று முதல் நாள் சொன்னாள். "ரெண்டும் அவங்கவங்க பக்கத்திலிருந்து எல்லைக்கு வந்து கை கோத்துக்கும். கூட்டம் சேரச் சேர நெருக்கியடிச்சு நின்னுடும். அதுக்கப்புறம் துளிக்குத் துளி சேர்ந்து பிரிஞ்சு போக முடியாது. அந்த நேரத்துல துளி எந்த உருவத்துல இருந்துச்சோ அதே உருவத்துல அப்படியே நிக்கும். உருண்டைக்குக்கூடத் திரும்பாது."

"நம்ம ஏழே முக்கால் டவுன் பஸ்ஸு மாதிரிங்களா மேடம்?" என்று கேட்டாள் பாவாயி. "ஒரு காலத் தூக்கிட்டு ஏறுனா எறங்குற வரைக்கும் அந்தக் காலத் தூக்குனாப்லயேதான் நிக்கணும்."

"அதேதான்க்கா," என்றாள் கிருபா.

பாவாயி அங்கே பத்தொன்பது வருஷமாக வேலை செய்தவள். நாற்பத்தாறு வயது. மாவு போடுவது செங்கோடனின் வேலை; பசை ஊற்றுவது பாவாயியின் வேலை. அவளுக்கு இடது காது மந்தம். முன்பு வேலை செய்த இடத்தில் பேரல் மூடி வெடித்ததிலிருந்து அப்படி. அதனால் யார் பேசினாலும் வலது காதை அவர்கள் பக்கம் சாய்த்துக்கொண்டு நிற்பாள். அந்த வலது காதில் மூன்று துளை. சோணையில் ஒரு தழும்பு. ஒன்பது வருஷம் முன்னால் அதே ஏழே முக்கால் பஸ்ஸில், இறங்கிய ஒருத்தியின் பை தோட்டில் மாட்டி இழுத்து, சோணை கிழிந்து இரண்டு தையல் போட்டது.

எண்ணெய் வருவது நீல நிறக் கேன்களில். ஒரே கடையில் வாங்கிய கேன்கள், ஒரே அளவு, வெளியிலிருந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரியாது. கேன் மேல் எழுதினால் எண்ணெய்க் கை பட்டு அழிந்துவிடும். ஆகவே செங்கோடனே கண்டுபிடித்த வழக்கம், விளக்கெண்ணெய் கேனின் நெற்றியில் ஒரு சந்தனப் பொட்டு. பொட்டிருந்தால் மாவு, பொட்டில்லாவிட்டால் பசை. இந்த வழக்கத்தில் அவர் ஏழாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு கலவை போட்டிருந்தார்; ஒன்றுகூடப் பிரிந்ததில்லை. எண்ணிக்கையைச் சுவரில் காலண்டருக்குப் பின்னால் பென்சிலில் எழுதி வைத்திருந்தார். யாரிடமும் காட்டியதில்லை. ஆனால் அதுதான் அவருடைய சொத்து என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

ஐப்பசி இரண்டாம் தேதி ஆயுத பூஜை வந்தது. பூஜையன்று கம்பெனியில் இருந்த எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தார்கள். கம்ப்ரஷருக்கு, தராசுக்கு, ஏணிக்கு, துடைப்பத்துக்கு, கிருபாவின் நுண்ணோக்கிக்கு. கேன்களுக்கும் வைத்தார்கள், முப்பத்தாறு கேனுக்கும். மறுநாள் விஜயதசமி, புதுக்கணக்காக முதல் கலவை போட ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் நேரம் குறித்திருந்தது. பாவாயியை மாரப்பன் பக்கத்துக் கம்பெனிகளுக்குப் பொரிப் பொட்டலம் கொடுத்துவரச் சொல்லி அனுப்பிவிட்டார். பத்து இருபது ஆயிற்று, அவள் வரவில்லை. நேரம் தப்பிப்போகக் கூடாதே என்று செங்கோடன் தாமே பசைக் கிண்ணத்தை எடுத்தார். எல்லாக் கேனும் பொட்டோடு சிரித்துக்கொண்டிருந்தன. மூடியைத் திறந்து மூக்கை வைத்திருந்தால் ஒரு நொடி; விளக்கெண்ணெயின் வாடை மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அவர் மூக்கை வைக்கவில்லை. இருபத்தேழு வருஷக் கை, தானே போய் ஒரு கேனில் ஊற்றியது. மாவு இருந்த கேனிலேயே பசையும் போயிற்று. எல்லையில் கை கோக்க வேண்டிய இரண்டும் ஒரே பக்கத்துக்குள் கட்டிப்பிடித்துக்கொண்டு அடியில் படிந்தன.

பாவாயி மூச்சு வாங்க ஓடி வந்தாள். "பசை ஊத்தியாச்சுங்களாண்ணா?"

"ஆச்சு."

"நல்ல வேளை போங்க. நேரம் தப்பியிருந்தா முதலாளி என்னைய அந்தக் கேனுக்குள்ள ஊத்தியிருப்பாரு," என்று சிரித்துவிட்டு, கலவைக் கணக்கு அட்டையில் பசைக்கான கட்டத்தில், அது அவளுடைய கட்டம் என்பதால், தன் பெயரின் முதல் எழுத்தைப் போட்டாள்.

முப்பத்தாறு நாள் கழித்து சத்தீஸ்கரிலிருந்து செய்தி வந்தது. தீர்த்தகிரி என்ற டிரைவரின் ரிக் வண்டிக்குப் போனது அந்த விஜயதசமிக் கலவை. பேரலுக்குள் எண்ணெய் பிரிந்து, சுத்தியலுக்கு வெறும் வெள்ளை எண்ணெயே போய், அறுநூற்று நாற்பது அடியில் சுத்தியல் இறுகிவிட்டது. இருபதடி ராடு முப்பத்திரண்டும் பூமிக்குள்ளேயே நின்றுபோயின. யார் கைக்கும் காலுக்கும் ஒன்றுமில்லை. கார்த்திகை ஒன்பதாம் தேதி மாரப்பன் கலவை அறைக்கு வந்தார். கிருபா ஜன்னலோரம் ஐந்து லிட்டர் குடுவையில், மாவும் பசையும் அதது அதன் பக்கத்தில் இருந்தால் எப்படி நிற்கும் என்று கலக்கிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அட்டையில உன் எழுத்துத்தான இருக்குது?" என்றார் மாரப்பன்.

"எழுத்து என்னதுதானுங்க. ஆனா அன்னிக்கு ஊத்துனது நானில்லைங்க. நீங்கதான் பொரி குடுக்க அனுப்பிச்சீங்க. அண்ணனைக் கேளுங்க," என்று சொல்லி, பாவாயி குடுவைக்கு இந்தப் பக்கம் நின்று, வலது காதைச் செங்கோடன் பக்கம் சாய்த்தாள்.

"செங்கோடா, யாரு ஊத்துனது?"

செங்கோடனுக்குக் காலண்டருக்குப் பின்னால் இருந்த எண் ஞாபகம் வந்தது. ஓய்வு பெறப் பதினைந்து மாசம் இருப்பதும் ஞாபகம் வந்தது. ஆனால் பிற்பாடு அவர் எத்தனையோ முறை திருப்பித் திருப்பிப் பார்த்ததில், பதினைந்து மாசம் பெரிதாக இல்லை. அந்த எண்தான் வாயைப் பிடித்திருந்தது.

"நான் பாக்கலைங்க," என்றார்.

கிருபாவின் கை கலக்குவதை நிறுத்தியது. பாவாயி சாய்த்த காதை எடுக்கவில்லை. தான் கேட்டது பாதிதான், மீதி இன்னும் வரும் என்று நினைத்தவள் மாதிரி, நெடு நேரம் அப்படியே நின்றாள். ஒன்றும் வரவில்லை. பிறகு சோற்றுத் தூக்குப்போசியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலைதான் எட்டேகாலுக்கு அந்தக் காது.

அது எப்படி வந்தது என்று ஆத்துமேட்டில் யாரும் கேட்கவில்லை. எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்றுதான் கேட்டார்கள். கிருபா மட்டும் வந்து குனிந்து பார்த்து, அளவுகோலை வைத்து, "ஆறு புள்ளி நாலு சென்டிமீட்டர்," என்று எழுதிக்கொண்டாள். "நெருக்கியடிச்சு நின்னிருக்குது. கலைக்காதீங்க, தானாக் கலையுதான்னு பாக்கணும்," என்றாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் அளந்தாள். ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ஆறு புள்ளி நாலு.

முதலில் அதனிடம் பேசியவன் தீர்த்தகிரி. ராடெல்லாம் பூமிக்குக் கொடுத்துவிட்டு, கிளம்பிப் போய்ப் பதினோரு மாசம் ஆனபின் ஊர் திரும்பியிருந்தான். முதலாளியிடம் சண்டை போட வந்தவன், மாரப்பன் வரும்வரை கலவை அறையில் உட்காரச் சொன்னதால் உட்கார்ந்து, எதிரே ஒரு காது சும்மா இருப்பதைப் பார்த்து, சும்மாதானே இருக்கிறது என்று இரண்டு வார்த்தை சொல்ல ஆரம்பித்தான். பதினோரு மாசத்தையும் சொன்னான். வெளியே வந்தபோது முகம் கழுவின மாதிரி இருந்தது. "சண்டை?" என்று கேட்ட மாரப்பனிடம், "அது நாளைக்கு வெச்சுக்கலாங்க," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனான்.

அப்புறம் ரிக் டிரைவர்கள் வந்தார்கள், ஊருக்குக் கிளம்பும் முன் ஒரு தரம், திரும்பி வந்ததும் ஒரு தரம். விசைத்தறிக் கொட்டகைகளிலிருந்து நாளெல்லாம் இரைச்சலில் கையாலேயே பேசிக்கொள்ளும் பெண்கள் வந்து, கை ஓய்ந்து வாயால் பேசினார்கள். மருமகளிடம் சொல்ல முடியாததை மாமியாரும், மாமியாரிடம் சொல்ல முடியாததை மருமகளும் ஒரே நாளில் வந்து சொல்லிவிட்டு, ஒரே ஆட்டோவில் திரும்பிப் போனார்கள். வரிசை தகராறு ஆனதும், கேன்டீன் நடத்தும் குஞ்சம்மா சோடா மூடிகளில் நம்பர் எழுதி டோக்கன் கொடுத்தாள். "ஆளுக்கு ஆறு நிமிஷந்தான். அழுகுறதுன்னா எட்டு. அதுக்கு மேல வேணும்னா வேற காதப் பாருங்க," என்பாள். மார்கழிக் குளிருக்கு யாரோ குடுவைக்கு ஒரு மப்ளர் சுற்றிவிட்டார்கள். காது பார்க்க மட்டும் ஓரிடத்தில் விலக்கி வைத்தார்கள். அந்தக் கம்பெனி எண்ணெய் பாறைக்குள் தண்ணீர் ஓடும் சத்தத்தைக் கேட்கும் என்று ரிக்காரர்கள் பேசிக்கொள்ள, ஆர்டர் இரண்டு மடங்காயிற்று. மாரப்பன் கலவை அறைக்குச் செருப்போடு வருவதை நிறுத்திக்கொண்டார்.

செங்கோடன் அந்த அறையிலேயே இருந்தார். அவருக்கு வேறு அறை கிடையாது. தினமும் காலையில் குடுவையைத் துடைப்பதும் அவர் வேலையாயிற்று. காதின் பின்புறமாகவே நடக்கப் பழகினார். வருகிறவர்கள் காதின் முன்புறத்தை அறிந்தார்கள் என்றால் அவர் அதன் முதுகை அறிந்தார். ஒரு நாள் குடுவையைத் தூக்காமல் மெல்லச் சுழற்றி, காதை ஜன்னல் பக்கம் திருப்பிவிடப் பார்த்தார். குடுவை திரும்பியது, காது திரும்பவில்லை. மெல்லச் சுழற்றினால் உள்ளிருக்கும் எண்ணெய் உடனே கூடத் திரும்பாதுதான், அது அவருக்கும் தெரியும். தெரிந்தும் வேர்த்தது. அது அவர் மேஜையைப் பார்த்தபடியே நின்றது.

பாவாயி பக்கத்துத் தெருவில் ஒரு தறிக் கொட்டகையில் நூல் தார் சுற்றப் போகிறாள் என்று கேள்விப்பட்டார். காதைப் பார்க்க அவள் ஒரு தரமும் வரவில்லை. அவள் பேச்சு வந்தபோது குஞ்சம்மா, "அவளுக்குத் திமிரு ஏறிப்போச்சு. நேத்து ரோட்டுல நாலு தரம் கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கறதில்ல," என்றாள்.

செங்கோடன் கேட்டுக்கொண்டே தேநீரைக் குடித்தார். அன்றைக்கு அவருக்கு அது உறைக்கவில்லை.

மார்கழி இருபதாம் தேதி, மதியச் சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் கேன்டீனுக்குப் போனபின், அவர் குஞ்சம்மாவின் பெட்டியிலிருந்து ஒரு சோடா மூடியை எடுத்தார். அதில் இருநூற்றுப் பதின்மூன்று என்று எழுதியிருந்தது. குடுவையின் முன்னால் ஸ்டூலைப் போட்டு முதல் முறையாகக் காதின் முன்புறம் உட்கார்ந்தார். "நான்தான் ஊத்தினேன்," என்றார். சத்தம் வரவில்லை. ஸ்டூலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, "பசைய ஊத்துனது நான்தான் பாவாயி. பொட்டப் பாத்து ஏமாந்துட்டேன். முதலாளி கேட்டப்போ பொய் சொல்லிட்டேன்," என்றார். சொல்லிவிட்டு, கலவை நிலைக்க எவ்வளவு நேரமோ அவ்வளவு நேரம், நாற்பது நிமிஷம், அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தார். காதில் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. சாய்ந்த சாய்வு மாறவில்லை. இன்னும் கேட்டுக்கொண்டுதான் நின்றது.

அவர் சோடா மூடியைத் துடைத்துப் பெட்டியில் திரும்பப் போட்டார். ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று சாயந்திரம்வரை யோசித்தார். ஆறு மணிக்குக் கேன்களை மூடும்போது அவருக்கே விளங்கியது. பழையபடி அதே தப்பைத்தான் செய்திருந்தார். குற்றமும் இவரிடம், குற்றத்தைச் சொன்ன வார்த்தையும் இவருடைய அறைக்குள்ளேயே. இரண்டையும் ஒரே கேனுக்குள் ஊற்றி மூடிவிட்டு, எல்லையில் ஏதாவது நடக்கும் என்று பார்த்துக்கொண்டிருந்தார். விளங்கியும் இருபத்தொரு நாள் சும்மாவே இருந்தார். ஒவ்வொரு நாளையும் எண்ணினார்.

இதற்குள் ஊரில் ஒரு பேச்சு கிளம்பிற்று. இத்தனை பேருடைய சொல்லைக் கேட்கிற காது மொட்டையாக நிற்பது நன்றாகவா இருக்கிறது, தை பிறந்ததும் காது குத்தி ஒரு தோடு போட்டுவிடலாம் என்றார்கள். காது குத்தென்றால் தாய்மாமன் மடி வேண்டும். யார் தாய்மாமன்? விளக்கெண்ணெய் வியாபாரிகள், காதின் உடம்பு எங்கள் எண்ணெய், நாங்கள் அப்பன் வீட்டார், எங்களுக்கு உரிமையில்லை என்று ஒதுங்கினார்கள். அப்படியென்றால் மாமன் முறை தங்களுக்குத்தான் என்று வெள்ளை எண்ணெய் டீலர்கள் எழுந்தார்கள். "மாவும் பசையும் இல்லாம இது எந்திரிச்சே நின்னிருக்காது. கிருபா மேடந்தான் பெத்தவ. அவங்க அண்ணன் தம்பி யாரு?" என்று கேட்டான் தீர்த்தகிரி. கிருபா, தனக்கு ஒரே தம்பி, அவன் பெங்களூரில் இருக்கிறான், லீவு கிடைக்காது என்று பயந்துபோய்ச் சொன்னாள். கடைசியில் வெள்ளை எண்ணெய்க்காரர்கள் சீர் கொண்டுவருவது என்றும், குடுவையை டீலர் ஒருவரின் மடியில் வைப்பது என்றும் தீர்மானமாயிற்று.

தை பன்னிரண்டாம் தேதி காலை, கலவை அறைக்குள் பதினேழு பேரும் வெளியே பந்தலில் நூற்று நாற்பது பேரும் இருந்தார்கள். ஐந்து தட்டுச் சீர் வந்திருந்தது. குடுவையைப் பட்டுத் துண்டு விரித்த மடியில் வைத்து, இரண்டு பக்கமும் ஆள் பிடித்துக்கொண்டார்கள். லோகநாத ஆசாரி ஊசியைத் தீயில் காட்டிவிட்டு, கண்ணில் பூதக்கண்ணாடியைச் செருகிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை.

"என்னங்க ஆசாரி, தூங்கிட்டீங்களா?" என்றாள் குஞ்சம்மா.

"இந்தக் காது ஏற்கெனவே குத்துனதுங்க," என்றார் ஆசாரி. "மூணு துளை இருக்குது. கீழ சோணையில கிழிஞ்சு தைச்சிருக்குது. ரெண்டு தையல். இது என் கைக்கு வந்த காதுங்க. தையல் ஆறுனதுக்கு அப்புறம் தழும்புக்குப் பக்கத்துல மறுபடியும் துளை போட்டுக் குடுத்தது நான்தான். அந்தப் பொண்ணு பேருதான் வர மாட்டேங்குது..."

"பாவாயி," என்று மூன்று பேர் ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

ஊர் அதையும் அதிகம் யோசிக்காமல் ஏற்றுக்கொண்டது. அவள் காதாக இருந்தால் அவளைக் கேட்காமல் தோடு போடக்கூடாது, கூப்பிடுங்கள் என்றார்கள். குஞ்சம்மாவே போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தலையெல்லாம் பஞ்சு ஒட்டி, விரலில் நூலோடு பாவாயி வந்தாள். எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினார்கள். அவள் ஒவ்வொரு வாயாகப் பார்த்தாள். பிறகு குடுவையைப் பார்த்தாள். தன் வலது காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னதுதான்," என்றாள், செவிடர்கள் பேசுகிற மாதிரி தேவைக்கு மேல் சத்தமாக. "இங்கதான் இருந்துச்சா? நான் தறிச் சத்தத்துல அடைச்சுப்போச்சுன்னு இருந்தேன். எனக்கு ரெண்டு மாசமா ஒண்ணுமே கேக்கறதில்ல. தறிக் கொட்டாயில எல்லாருமே கையிலதான் பேசறாங்க, அதனால ஒருத்தருக்கும் தெரியல. எம்மக பவானியிலிருந்து போன் பண்ணுவா. மாசமா இருக்கறா. ஆறாவது மாசம். நான் எடுத்து, நல்லாயிருக்கறன், நல்லாயிருக்கறன்னு சொல்லிட்டு வெச்சுருவேன். கோவிச்சுக்கிட்டு இப்பெல்லாம் அவ பண்றதே இல்ல."

நான்கு தரம் கூப்பிட்டேன் என்று சொன்ன குஞ்சம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். கிருபா தன் நோட்டைப் புரட்டி, ஒரு பக்கத்தில் விரலை வைத்தாள். "கார்த்திகை ஒம்பது. நான் கலக்குறத நிறுத்துன நேரம். அப்போ இவங்க காதைச் சாய்ச்சுக்கிட்டு நின்னாங்க," என்று மெல்லச் சொன்னாள். அவள் செங்கோடனைப் பார்க்கவில்லை. யாரும் பார்க்கவில்லை. பதினேழு பேரில் ஒருவர்கூடப் பார்க்காததுதான் அவருக்குத் தாங்க முடியாமல் போயிற்று.

அவர் காதின் பின்புறமிருந்து வெளியே வந்தார். குடுவையைச் சுற்றிக்கொண்டு பாவாயியின் முன்னால் போய் நின்றார்.

"நான்தான் ஊத்தினேன்," என்றார்.

பாவாயி அவர் வாயைப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்லியிருந்தார். "கேக்கலைங்க," என்றாள். அண்ணா என்று சொல்லவில்லை.

"பசைய... நான்தான் ஊத்தினேன்."

"சத்தமாச் சொல்லுங்க. எனக்குக் காதில்ல."

செங்கோடன் இருபத்தேழு வருஷத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு தரம்கூடச் சத்தம் போட்டதில்லை. கூட்டத்தில் டீ கேட்கக் கூச்சப்பட்டுக் குடிக்காமலே வந்த நாட்கள் உண்டு. அவர் தலையை நிமிர்த்தி, இரண்டு கையையும் வாயருகே குவித்து, பந்தலுக்கும் ரோட்டுக்கும் எதிரே ஓடிய கம்ப்ரஷருக்கும் மேலே கேட்கும்படி கத்தினார்: "பசைய ஊத்துனது நான்தான்! உம்மேல தப்பில்ல! பாத்துக்கிட்டே பாக்கலைன்னு சொன்னது நான்தான்!"

டீலரின் மடியில் குடுவை குலுங்கியது. முதலில் சோணை வழிந்தது, தழும்போடு. பிறகு மடிப்புகள் ஒன்றன் மேல் ஒன்று படுத்தன. மடல் சுருண்டு, எல்லாம் சேர்ந்து எலுமிச்சங்காய் அளவு ஓர் உருண்டையாகி, வெள்ளை எண்ணெய்க்குள் அவசரமில்லாமல் இறங்கி, விளக்கெண்ணெயின் மட்டத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போய்விட்டது. குடுவையில் கீழே பாதி, மேலே பாதி, நடுவே ஒரு நேர்கோடு.

பாவாயி வலது காதைப் பொத்திக்கொண்டாள். "அய்யோ, என்னா சத்தம்," என்றாள். அடுத்த தெருத் தறிகள் முழுக்க ஒரேயடியாக அவளுக்குள் வந்து விழுந்திருக்க வேண்டும். கையை மெல்ல எடுத்தாள். செங்கோடனைப் பார்த்தாள்.

"இப்போ கேட்டுச்சுங்க," என்றாள். அவ்வளவுதான்.

கூட்டத்தில் முதலில் வாய் திறந்தவர்கள் டோக்கன் வைத்திருந்தவர்கள். நாற்பத்து மூன்று பேர் இருந்தார்கள். "ஏனுங்க செங்கோடண்ணா, ரெண்டு மாசம் அமுக்கி வெச்சிருந்தீங்க, இன்னொரு வாரம் வெச்சிருந்தா என்னங்க? எனக்கு நானூத்திப் பதினாறு, நாளைக்கு என் முறை," என்று ஒருவர் சோடா மூடியை நீட்டி நீட்டிக் கேட்டார். சீர்த் தட்டுகளை என்ன செய்வது என்ற பேச்சு வந்தது. கொண்டுவந்ததைத் திருப்பிக் கொண்டுபோவது முறையல்ல என்று, தோட்டைப் பாவாயியின் காதிலேயே ஆசாரி போட்டுவிட்டார். பழத்தையும் வெல்லத்தையும் பந்தலில் பங்கு வைத்தார்கள். செங்கோடனுக்கும் ஒரு பங்கு கொடுத்தார்கள். யாராவது கொடுக்காமல் இருந்திருக்கலாம் என்று அவருக்கு இருந்தது. குஞ்சம்மா போனைப் பிடுங்கி பவானிக்கு அடித்துக் கொடுத்தாள். பாவாயி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, கேட்டுக்கொண்டு மட்டும் நின்றாள்.

மாரப்பன் பாவாயியை மறுபடி வேலைக்கு வரச் சொன்னார். செங்கோடன் தாமாகவே சாவியைக் கழற்றி நீட்டியபோது வாங்கவில்லை. "இன்னும் பதிமூணு மாசந்தான இருக்குது. இருந்துட்டுப் போ," என்றார். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும். அன்று சாயந்திரம் செங்கோடன் காலண்டரைத் தூக்கி, ஏழாயிரத்துச் சொச்சம் எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார். பென்சில் போயிற்று, சுவரில் ஒரு கருப்புத் திட்டு நின்றது.

பாவாயி தை பதினைந்தாம் தேதி வந்தாள். கேன்களுக்குப் பொட்டு வைப்பதை நிறுத்தினாள். ஒவ்வொரு நாளும் முதல் கலவைக்கு முன், ஒரு கேனின் மூடியைத் திறந்து, அதைச் செங்கோடனின் மூக்குக்கு நேரே தூக்கிப் பிடிப்பாள்.

"இது என்ன எண்ணெய்ங்க?"

"விளக்கெண்ணெய்," என்பார் செங்கோடன்.

அவள் வலது காதை அவர் பக்கம் சாய்ப்பாள். புதுத் தோடு ஆடும். மூன்று தெரு தள்ளிப் பால்காரர் மணி அடித்தாலும் இப்போது அவளுக்குக் கேட்கும் என்று ஊருக்கே தெரியும், அவருக்கும் தெரியும்.

"கேக்கலைங்க. சத்தமா."

அவர் எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொல்வார். அவள் தலையசைத்துவிட்டுக் கேனை இறக்குவாள். ஓய்வு பெறும்வரை வேலை நாட்கள் முந்நூற்று முப்பத்தொன்று. எண்ணுவதை அவரால் விட முடியவில்லை. இன்றோடு நூற்று நான்கு நாள் ஆகிறது. இதுவரை ஒரு நாளும் அவள் அண்ணா என்று கூப்பிடவில்லை. ஒரு நாளும் அவள் முதல் தரத்திலேயே கேட்டதும் இல்லை.